பினாங்கில் இறங்கிய பகல்

நெய்வேலியில் சங்குக்குப் பயப்படுகிறவர் யாரும் கிடையாது. காலை ஆறு, மத்தியானம் இரண்டு, ராத்திரி பத்து என்று ஷிப்டு மாறுவதற்கு மூன்று வேளையும் ஊதும். அதை வைத்து உலை வைக்கிறவர்கள் உண்டு, மாவு அரைக்க உட்காருகிறவர்கள் உண்டு. தொட்டில் பிள்ளைகூட அதற்குப் புரண்டு படுக்குமே தவிர அழாது. நான்கு வருஷமாக அந்தச் சங்குக்கு ஓடியோடி வேலை பார்த்த மனிதர், கப்பலிலிருந்து வந்த மறுநாள் மத்தியானம், அது ஊதியதும் பிசைந்த சோற்றை அப்படியே போட்டுவிட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்க் குப்புறப் படுத்துக்கொண்டார்.

காந்திமதிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ஐம்பத்திரண்டு நாள் கழித்து வந்த புருஷன் ஏதோ விளையாட்டுக் காட்டுகிறார் என்று நினைத்துக் குனிந்து பார்த்தாள். இரண்டு கையாலும் பிடரியைப் பொத்திக்கொண்டு, கன்னத்தைச் சிமெண்டுத் தரையில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடாமல் கிடந்தார்.

"வெளிய நிக்காத, உள்ள வா" என்றார். "ஆன்னு பாத்துக்கிட்டு நின்னவனெல்லாம் கொத்துக்கொத்தா விழுந்தான்."

"என்னத்தைப் பாத்துக்கிட்டு?"

சங்கு ஓய்ந்து, தெருவில் சைக்கிள்கள் போய், அதன் சத்தமும் ஓய்ந்த பிறகுதான் வெளியே வந்தார். ஒன்றுமே நடக்காததுபோல் தட்டின் முன் உட்கார்ந்து மிச்சச் சோற்றைச் சாப்பிட்டார். கப்பல் அலுப்பு என்று அவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டு மோரை ஊற்றினாள்.

அவர் பெயர் இசக்கிமுத்து. நாம் சொல்லலாம், அவள் சொல்ல மாட்டாள். ரேஷன் கார்டு எழுத வந்த குமாஸ்தா புருஷன் பெயரைக் கேட்டபோது, சுவரிலிருந்த இசக்கியம்மன் படத்தைக் காட்டி, காதில் கிடந்த முத்துத் தோட்டையும் தொட்டுக் காட்டி, மீதியை அவரையே கண்டுபிடித்துக்கொள்ளச் சொன்னவள். பெயரைச் சொன்னால் புருஷனுக்கு ஆயுசு குறையும் என்று அவளுடைய அம்மா சொல்லியிருந்தாள். அம்மாவுக்கு அவளுடைய அம்மா சொல்லியிருந்தாள். நிஜமா பொய்யா என்று சோதித்துப் பார்க்க எவளுக்குத்தான் துணிச்சல் வரும். மைன்ஸில் அவர் பம்பு ஆபரேட்டர் என்பதால் வடக்கத்தி ஆட்கள் 'ஆபரேட்டர்' என்பார்கள், திருநெல்வேலிப் பக்கத்தார் 'அண்ணாச்சி' என்பார்கள். ஆகமொத்தம் அந்தக் குவார்ட்டர்ஸில் அந்தப் பெயர் ஒருநாளும் ஒலித்தது கிடையாது.

ஒரே மாதிரி வீடுகள். ஒரே மாதிரி கேட், ஒரே மாதிரி வராந்தா, ஒரே அளவில் பின்கட்டு. குடி வந்த புதிதில் மார்க்கெட்டுக்குப் போய்விட்டு வந்து, அடுத்த தெருவில் இதே இடத்தில் இருந்த வீட்டுக்குள் நுழைந்து அடுக்களை வரைக்கும் போய்விட்டாள். அங்கே ஒரு கோயம்புத்தூர்ப் பெண் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள், சிநேகம் மட்டும் வளரவில்லை. பக்கத்து வீட்டுச் சந்திரா நல்லவள்தான். ஆனால் கோடை லீவு விட்டதும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவாள். அவர் ஷிப்டுக்குப் போன பிறகு, பூமிக்கு அடியிலிருந்து தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்கிற பம்புகளின் முனகல்தான் காந்திமதிக்குத் துணை. அது தூரத்திலிருந்து சுவர் வழியாக, தரை வழியாக, தலையணை வழியாக வந்துகொண்டே இருக்கும். நின்றால் சுரங்கத்துக்குள் தண்ணீர் ஏறிவிடும் என்று அவர் சொல்லுவார். அந்தச் சத்தத்தில் அவர் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அவள் அரிசி பொறுக்குவாள்.

சிங்கப்பூருக்கு அவர் போனது அக்காளைப் பார்க்க என்று ஆபீஸில் லீவு எழுதிக் கொடுத்திருந்தார். அது பாதிதான் நிஜம். மாமியார் பேச்சியம்மாள் சாகும்போது மகன் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டாள். இவர் வயிற்றில் நான்கு மாசமாக இருக்கும்போது மலேயாவுக்குக் கப்பல் ஏறிப் போனவர் அவருடைய அப்பா. பினாங்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறார் என்று ஒரு சேதி வந்தது, அதோடு சரி. எழுதப் படிக்கத் தெரியாத இரண்டு பேருக்கு நடுவில் அவ்வளவு பெரிய கடல். சண்டையெல்லாம் முடிந்து, அங்கிருந்து திரும்பிய ஒருவர்தான், அவர் ஜப்பான்காரன் குண்டில் போய்விட்டார் என்று சொன்னார். பிறந்தது ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாமல் போனவர். "ஒங்கப்பனை அங்கயே விட்டுறாதலே. பிடிமண்ணு எடுத்துக்கிட்டு வந்துரு" என்றாள் பேச்சியம்மாள்.

அவர்கள் ஊரில் சாமியையே அப்படித்தான் இடம் மாற்றுவார்கள். இருக்கிற இடத்தில் ஒரு பிடி மண் எடுத்து, வாங்க என்று கூப்பிட்டு, கொண்டுபோய்ப் புது இடத்தில் சேர்ப்பது. வழியில் எங்கேயும் கீழே வைக்கக் கூடாது. வைத்தால் வைத்த இடம்தான் அதற்கு இடம். திரும்பி வரும் கப்பல் பினாங்கில் ஒரு பகல் நிற்கும். அந்த ஒரு பகலுக்காகத்தான் அவர் முழுப் பயணமும் போனார். மண் கொண்டுவர ஒரு மஞ்சள் பையைக் காந்திமதிதான் துவைத்து மடித்துக் கொடுத்தாள்.

வந்தவர் கையில் மஞ்சள் பை இல்லை. டிரங்குப் பெட்டி மட்டும் இருந்தது. அதற்கும் சாவி இல்லை.

"மண்ணு எடுத்தீகளா?" என்று அன்றைக்கே கேட்டாள்.

"என்ன மண்ணு?"

"அத்தை சொன்னாங்கல்லா... பினாங்குல."

அவர் வீட்டைச் சுற்றிப் பார்த்தார். சுவரை, ஜன்னல் கம்பியை, கரண்டு விளக்கை. "வரவேண்டியது வந்தாச்சு" என்றார்.

அன்று சாயங்காலம் வராந்தாவில் உட்கார்ந்து பினாங்கைப் பற்றிக் கேட்டாள். ஐம்பத்திரண்டு நாள் யாரோடும் பேசாமல் கிடந்தவளுக்குக் கதை கேட்கக் கசக்குமா. அவரும் சொன்னார், மெதுவாக, ஒவ்வொன்றையும் பார்த்துப் பார்த்து. விடியற்காலையில் கடல் கறுப்பாக இருக்கும், பிறகு ஈயப் பாத்திரம் மாதிரி வெளுக்கும், அப்புறம் தூரத்தில் முதலில் புகைதான் தெரியும் என்றார். புகைக்கு அடியில் கப்பல் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி வரும். நடுவில் நங்கூரத்தைப் போட்டு நிற்கும். சம்பான் படகுகள் அதைச் சுற்றி எறும்பாக மொய்க்கும். ஏணி வழியாக ஆட்கள் இறங்குவார்கள், பொம்பளைகள் சேலையைப் பிடித்துக்கொண்டு அலறுவார்கள். படகு கரைக்கு வர வர முகங்கள் தெளிவாகும். ஒவ்வொரு முகமாகப் பார்க்க வேண்டும். தெரிந்த சாடை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

"அன்னைக்கும் அப்படித்தான். கட்டம் போட்ட சட்டை போட்டு ஒருத்தன் எறங்குனான். கையில மஞ்சப் பை. படகு ஆடுனதும் பையை நெஞ்சோட அணைச்சுக்கிட்டான்."

காந்திமதி அவர் சட்டையைப் பார்த்தாள். கட்டம் போட்ட சட்டை. அவள் பொத்தான் தைத்துக் கொடுத்தது.

"அது நீங்கதான?" என்றாள் சிரித்தபடி.

அவரும் சிரித்தார். ஆனால் கேள்வி விளங்காத மனிதர் மரியாதைக்குச் சிரிக்கிற சிரிப்பு அது. அவளுக்கு ஏனோ வராந்தாவில் உட்காரப் பிடிக்கவில்லை, விளக்குப் போட உள்ளே எழுந்துபோனாள்.

கப்பல் ஆட்டம் இன்னும் தலையை விட்டுப் போகவில்லை என்று சொல்லிக் கூடத்திலேயே பாயை விரித்துப் படுத்தார். அதுவும் நல்லதாகத்தான் போயிற்று. முன்பெல்லாம் அவர் சட்டையில் கரித்தூளும் கிரீஸும் கலந்த ஒரு வாசனை இருக்கும். எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. அவள் அதைத் திட்டிக்கொண்டே துவைப்பாள். இப்போது வேறு வாசனை. நனைந்த கயிறு, மட்கிய சாக்கு, எங்கேயோ எண்ணெய்க் கிடங்கு எரிந்து அடங்கிய வாசனை. மத்தியான வெயிலில் கூடம் முழுக்க அது பரவி நின்றது. ஆள் இல்லாத வீட்டில் இருந்த தனிமை அவளுக்குப் பழகியிருந்தது. ஆள் இருக்கிற வீட்டில் இப்படி ஒரு தனிமை வரும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. புருஷன் வந்துவிட்டார், ஆனாலும் எப்போது வருவார் என்று மனசு தெருவையே பார்த்துக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் வீரம்மாள் முந்திரிப்பழக் கூடையோடு வந்தாள். அவளுடைய நிலம் மைன்ஸுக்குள் போய்விட்டது. காலையில் பழமும் கீரையும் விற்பாள், பகலில் கான்ட்ராக்டில் மண் தூக்குவாள். தெருவில் அதிகம் பேசுகிறவள் அவள்தான்.

"என்னாம்மா, வூட்டுக்காரரு வந்தும் மூஞ்சி இப்படித் தொங்கிக்கினு கீது?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நேத்து வேலியாண்ட நின்னுக்கினு இருந்தாரும்மா. என்னைப் பாத்து இது எந்த ஊருன்னு கேட்டாரு. நாலு வருசமா எங்கிட்டப் பழம் வாங்குற மனுசன்! நெய்வேலிதாங்கன்னேன். 'பேச்சி ஊரு மாதிரி இல்லியே'ங்கறாரு. அது யாரும்மா பேச்சி?"

"எங்க அத்தை. அவுக அம்மா."

வீரம்மாள் கூடையைத் தூக்கித் தலையில் வைக்கப் போனவள் அப்படியே நிறுத்தினாள். "பெத்த ஆத்தாளை எவனாச்சும் பேரு சொல்லிச் சொல்லுவானா?"

அம்மா செத்தபோது வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுத மனிதர், அன்றைக்குக்கூட அந்தப் பெயரைச் சொன்னவரில்லை. வீரம்மாள் பழத்துக்குக் காசு வாங்காமலே போய்விட்டாள். போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

திங்கட்கிழமை லீவு முடிகிறது, முதல் ஷிப்டு. பம்புச் சத்தத்துக்குப் பக்கத்தில் போய் நின்றால் அவருக்கு எல்லாம் சரியாகிவிடும் என்று காந்திமதி நம்பிக்கொண்டிருந்தாள். நீரில் மூழ்குகிறவனுக்குத் துரும்பும் துணை. திங்கட்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போஸ்ட்மேன் வேணு சைக்கிள் மணியை அடித்தான். நீல நிற ஏர்மெயில் காகிதம். "பினாங்கு ஸ்டாம்புங்க. ஆபரேட்டரே வந்துட்டாரு, அவரு போட்ட லெட்டர் இப்பத்தான் வருது பாருங்க" என்று சிரித்துக்கொண்டே நீட்டினான்.

முகவரி அவர் கையெழுத்துத்தான். 'ந' எழுதும்போது ஒரு வால் இழுப்பார். அந்த வாலை அவள் விரலால் தடவிப் பார்த்தாள். கூடத்தில் அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். சத்தம் போடாமல் அவரைத் தாண்டி அடுக்களைக்குப் போய், காகிதத்தின் ஓரத்தைக் கத்தியால் கீறிப் பிரித்தாள்.

"அன்புள்ள காந்திமதிக்கு. நலம். உன் நலம் அறிய ஆவல். இதைப் பினாங்கிலிருந்து எழுதுகிறேன். கப்பலை விட்டுவிட்டேன். கப்பல் போய் இன்றோடு ஆறு நாள் ஆகிறது. பயப்படாதே."

அவள் அந்த வரியை மறுபடி படித்தாள். தேதியைப் பார்த்தாள். விரல் விட்டு எண்ணினாள். இந்தக் காகிதத்தில் அவர் எழுதிக்கொண்டிருந்த நாளில், கூடத்தில் படுத்திருக்கிறவர் நாகப்பட்டினத்தில் இறங்கிவிட்டார்.

"காலையில் ஏழு மணிக்கு நங்கூரம் போட்டார்கள். நாலு மணிக்குள் திரும்ப வேண்டும் என்று சொல்லி ஆளுக்கொரு கார்டு கொடுத்தார்கள். இங்கே பெயர் கிடையாது, எல்லாம் நம்பர்தான். சம்பானில் கரைக்கு வந்தேன். தரையில் கால் வைத்ததும் தரை ஆடுகிற மாதிரி இருந்தது. சீனன் கடையில் காபி குடித்தேன். தமிழ்க்காரர் கடைத்தெருவில் உனக்குச் சிவப்புப் பூப்போட்ட சேலை வாங்கினேன். நீ கூட இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். பிறகு குடோன் பக்கம் போனேன். வயசான காவல்காரர் ஒருவர், நம் பக்கத்து ஆள், அப்பா மூட்டை தூக்கிய இடத்தைக் காட்டினார். பிளேன் வந்தபோது கூலிக்காரர்களெல்லாம் ஓடாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்களாம். நின்ற இடத்திலேயே விழுந்தார்களாம். அந்தச் சுவரோரம் ஒரு பிடி மண் எடுத்தேன். வாங்கய்யா, வீட்டுக்குப் போவோம் என்று சொன்னேன். கண்ணால் பார்க்காத மனிதருக்காக எனக்கு அப்படி ஓர் அழுகை வந்தது.

"படகுத்துறையில் கார்டு கேட்டார்கள். சட்டைப்பையில் சிக்கிக்கொண்டது. இரண்டு கையும் வேண்டியிருந்தது. பையைப் பலகைமேல் வைத்தேன் காந்திமதி. நினைவில்லாமல் வைத்துவிட்டேன். அப்புறம் தூக்க முடியவில்லை. ஒரு பிடி மண்தான், ஆனால் பாறாங்கல்லாகக் கனக்கிறது. விட்டுவிட்டு வரவும் முடியவில்லை. அந்தப் பலகையைத் தாண்டிக் கால் போகவில்லை. கத்தினேன். யாரும் திரும்பவில்லை. எனக்கு முன்னால் ஒருவர் போய்ப் படகில் என் இடத்தில் உட்கார்ந்தார். என்னைப் போலவே கட்டம் போட்ட சட்டை. என்னுடையது என்மேல்தான் இருந்தது, தொட்டுப் பார்த்தேன். படகு கிளம்பியபோது அவர் திரும்பி என்னைப் பார்த்தார். அதை நான் எழுத மாட்டேன்.

"ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர் சோறு போடுகிறார். அடுத்த கப்பலுக்கு எப்படியாவது வந்துவிடுவேன். நீ தைரியமாக இரு."

காகிதம் அதோடு முடிந்தது. குழாயில் தண்ணீர் சொட்டியது. தெருவில் ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. சந்திரா வீட்டில் பூட்டு. எதிர் வீட்டில் பூட்டு. அக்கினி நட்சத்திர வெயில், எல்லா ஜன்னல்களும் அடைத்துக் கிடந்தன. வாசலுக்குப் போவதென்றால் கூடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.

அவள் அடுக்களை வாசலில் நின்று அந்த முதுகைப் பார்த்தாள். அதே தோள்பட்டை. அதே பிடரிமயிர். 'அப்பனை உரிச்சு வச்ச மாதிரி' என்று அத்தை சொல்வாள். மாமனார் சாகும்போது என்ன வயசு என்று ஒருநாள் கேட்டதற்கு, இப்போ இவனுக்கு ஆகிற வயசுதான் என்றாள்.

இல்லை. இருக்காது. புத்தி பேதலித்துப்போனது எனக்குத்தான். வெயில், தனிமை, ஐம்பத்திரண்டு நாள் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தது. லெட்டரை அவரே ஏதோ ஜுரத்தில் எழுதியிருக்கலாம். தேதியைத் தப்பாகப் போட்டிருக்கலாம்.

தெரிந்துகொள்ள ஒரே வழிதான் இருந்தது. எந்த மனிதனும் தன் பெயருக்குத் திரும்புவான். தூக்கத்திலும் திரும்புவான். ஆனால் அதை அவள் சொல்ல வேண்டும். உடம்பெல்லாம் கூசியது. இசக்கித் தாயே, ஒரு தடவைதான், ஒரே ஒரு தடவை, அவர் நல்லா இருக்கணும்னுதான் சொல்லுதேன், என் ஆயுசிலே எடுத்துக்கோ. கல்யாணமான நாளிலிருந்து மனசுக்குள்ளேயே வைத்திருந்த பெயர். எத்தனையோ ராத்திரி உதட்டுக்குள்ளே உருட்டிப் பார்த்த பெயர்.

"இசக்கிமுத்து" என்றாள்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். உடனே. தூங்கவே இல்லை போல. ஆனால் அவளைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்தார். கூடத்து மூலையைப் பார்த்தார். யாரையோ தேடினார்.

"அதா பேரு?" என்றார்.

அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆம்பளப் புள்ளையா?" புருஷனின் முகம் முழுக்கச் சிரிப்பு பரவியது; இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவள் பார்த்ததில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது. "இசக்கி கோயில்ல நேந்துக்கிட்டோம்லா. இசக்கிமுத்துன்னா வச்சிருக்க... ஒரு காயிதம் போட்டிருக்கலாம்லா பேச்சி? என்ன புள்ளைன்னு தெரியாம, என்ன பேருன்னு தெரியாம, எத்தனை கப்பலைப் பாத்துக்கிட்டு நின்னேன். அன்னைக்கு மஞ்சப் பையோட எறங்குனானே. நம்ம சாடை. கூப்பிட வாய் வந்துட்டு. என்ன பேரைச் சொல்லிக் கூப்பிட?"

"நான் பேச்சி இல்ல" என்றாள். குரல் வெளியே வரவில்லை.

அவர் எழுந்து வாசலுக்குப் போனார். கதவை விரியத் திறந்தார். வெயில் கூடம்வரைக்கும் பாய்ந்தது. படியில் நின்று, கடல் இருக்கிற கிழக்குத் திசையைப் பார்த்து, கரையில் நிற்கிறவன் கப்பலில் இருக்கிறவனைக் கூப்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டார்.

"ஏலேய்... இசக்கிமுத்தூ..."

அவள் காகிதத்தை இறுக்கிப் பிடித்தாள். ஓர மடிப்பு அவிழ்ந்து விழுந்தது. அந்த மடிப்பின் உள்பக்கத்தில் இன்னும் நாலு வரி. இடம் போதாமல் பொடிப்பொடியாக எழுதியது. அவள் பார்க்காமல் விட்டது.

"ஏலேய்... இசக்கிமுத்தூ..."

"இன்னொன்று. தண்ணீர்ப் பக்கமிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் போய்விடாதே என்கிறார் கடைக்காரர். போனவர்கள் நேராகக் கடலில் இறங்கி நடந்துவிடுவார்களாம். நீ கவலைப்படாதே. என் பெயர் இங்கே ஒருவருக்கும் தெரியாது."

"வேண்டாம்!" என்று கத்திக்கொண்டு ஓடினாள். பின்னாலிருந்து அவர் வாயைப் பொத்தினாள். பொத்திய உள்ளங்கைக்குள் உதடு அசைந்தது. சில்லென்று இருந்தது. விரல் இடுக்கு வழியாக மூன்றாவது தடவையும் அந்தப் பெயர் வெளியே போயிற்று.

பிறகு எதுவும் இல்லை.

தெரு. வெயில். சுடுகிற மண்.

அவள் கூடத்துக்குள் பின்வாங்கி நின்று காத்திருந்தாள். எதற்கென்று தெரியாமல், ஆனால் தெரிந்தே.

கேட்டுக்குப் பக்கத்தில் மண் கறுத்தது.

ஒரு கால்தடம். ஈரம். அதற்கு முன்னால் இன்னொன்று. அவசரம் இல்லாத நடை. வெகுதூரம் நடந்து களைத்தவன் வீட்டைப் பார்த்ததும் நடக்கிற நடை. அந்த வெயிலில் ஒரு தடமும் காயவில்லை. படியில் ஒன்று. வராந்தாவில் ஒன்று. நிலைப்படியில் இரண்டு காலும் சேர்ந்து நின்றன. உள்ளே வந்தன. சிமெண்டுத் தரையில் சொத், சொத் என்று சத்தம் கேட்டது.

அவளுக்கு எதிரே வந்து நின்றன. கை நீட்டினால் தொடுகிற தூரம்.

அவள் நீட்டவில்லை. அந்தத் தடங்களுக்கு மேலே ஒன்றும் இல்லை. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது.

அவளுடைய புருஷனின் முகத்தோடு நின்றிருந்தவர் அருகே வந்தார். வலது கையைத் தூக்கினார். தன் தலை உயரத்துக்கு, வெறும் காற்றில், ஒரு தலையைத் தடவுவதுபோல மெதுவாகத் தடவினார். கை நனைந்து மணிக்கட்டில் தண்ணீர் வழிந்தது.

"என்ன ஒசரம் வளந்துட்டாம் பாரு, பேச்சி" என்றார்.

தரையில் தண்ணீர் பரவி அவள் கால்விரலைத் தொட்டது.